தானே சாவி ஏறும் கடிகாரம்

(ஆத்தங்குடியில் கூடிய முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். கடிகாரத்தைப் பற்றிப் பேச வந்தவன் நேரத்தை மீறினால் நன்றாக இருக்காது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் அலமாரியைத் திறந்தால் ஒரு பழைய வாட்ச் இருக்கும். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போன காலத்தில் வந்தவை தினமும் சாவி கொடுக்கிற கடிகாரங்கள். பிற்பாடு சிங்கப்பூரிலிருந்து வந்தது சீக்கோ 5. 1963-இல் அறிமுகமான ஆட்டோமேட்டிக். ஐயா கட்டின அந்த வாட்ச் இன்றைக்குப் பேரன் கைக்கு வந்திருக்கிறது. பேரன் கேட்கிறான்: "கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்று விடுகிறதே, வாட்ச் வைண்டர் என்று ஒரு பெட்டி விற்கிறார்களாமே, வாங்கட்டுமா?"

பதில் சொல்லுமுன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஆட்டோமேட்டிக் வாட்சில் பேட்டரி கிடையாது. அரைவட்ட வடிவில் ஒரு எடை, அதற்கு ரோட்டார் என்று பெயர். நாம் கையை ஆட்ட ஆட்ட அது சுழன்று, பல்சக்கரங்கள் வழியாக மெயின் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. "நாள் முழுக்க ஆட்டினால் ஸ்பிரிங் அறுந்து போகாதா?" என்று கேட்கலாம். போகாது. ஸ்பிரிங்கின் வெளிமுனையை டப்பாவின் சுவரோடு இறுக்கிப் பிணைக்காமல், முழுக்க ஏறியதும் வழுக்கும்படி வைத்திருக்கிறார்கள். மிஞ்சின முறுக்கு அங்கேயே கழிந்துவிடும். முழுக்க ஏறினால் சுமார் 40 மணி நேரம் ஓடும்.

கைக்கடிகாரத்தில் இந்த ஏற்பாட்டைத் தயாரிப்புக்குக் கொண்டு வந்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேய வாட்ச் ரிப்பேர்காரர். 1924-இல் சுவிஸ் காப்புரிமை பெற்றார். அவருடைய எடை முழு வட்டம் சுற்றாது. இரு பக்கமும் ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும். 1931-இல் ரோலக்ஸ் அதை முழு வட்டமும் சுற்ற வைத்தது. நம் நாட்டில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. சாவி கொடுக்கும் ஜனதாவும் செய்தார்கள், ஆட்டோமேட்டிக்கும் செய்தார்கள். 1984-இல் டாடாவும் நம் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்தபோது காற்று திசை மாறியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இப்போது பேரனின் கேள்விக்கு வருவோம். வைண்டர் என்பது ஒரு சின்ன மோட்டார், அதன் மேல் ஒரு தலையணை. நாம் கட்டாத நேரத்தில் வாட்சைச் சுழற்றிக் கொடுக்கும். பெரும்பாலான வாட்சுகளுக்கு நாளொன்றுக்கு 650 முதல் 900 சுற்று போதும். சில வாட்சுகள் ஒரு திசையில் சுற்றினால்தான் ஏறும். சீக்கோ இரண்டு திசையிலும் ஏறும்.

வாங்கலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 21,600 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 5,18,400. வருஷத்துக்கு ஏறக்குறைய 18 கோடியே 92 லட்சம். யாரும் மணி பார்க்காத ஒரு வாட்சை இத்தனை முறை துடிக்க வைத்து, தேய வைத்து என்ன லாபம்? நம் ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்கப் பளபளக்கும். வாட்சின் பல்சக்கரம் அப்படியல்ல, ஓட ஓடத் தேயும். நிறுத்தி வைப்பதால் நல்ல வாட்ச் கெடாது. நாள், மாதம், லீப் வருஷம் எல்லாம் காட்டும் வாட்சைத் திருப்பிச் சரி செய்வது பெரும்பாடு. அதற்கு வைண்டர் நியாயம். ஐயாவின் சீக்கோவுக்குத் தேவையில்லை.

பழைய சீக்கோ 5 பலவற்றில் கையால் சாவி கொடுக்க வழியில்லை. கிடையாகப் பிடித்து, இருபது முப்பது முறை மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஓடத் தொடங்கும். இரவு 9 மணியிலிருந்து அதிகாலை 3 மணி வரை தேதியைத் திருப்பாதீர்கள்; தேதிச் சக்கரம் அப்போது பல்லில் மாட்டியிருக்கும். ஸ்பீக்கர் காந்தத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆனால் ஒன்று. வருஷக்கணக்காகப் பூட்டின வீட்டில் கிடந்த வாட்சை எடுத்ததும் ஆட்டிப் பார்க்காதீர்கள், வைண்டரிலும் போடாதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். வறண்டு ஓடினால் அச்சு தேயும். முதலில் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். அதற்குக் கண்ணில் லென்ஸ் மாட்டி உட்காரும் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர் வேண்டும். வைண்டர் எப்போது வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். அவரை அப்படி வாங்க முடியாது. பேட்டரி மாற்றுகிற வேலை மட்டுமே வருகிற கடையில் அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள அடுத்த ஆள் எப்படி வருவான்?

தம்பி தங்கைகளே, கியர் மோட்டாரும் டைமரும் வைத்து நீங்களே ஒரு வைண்டர் செய்யலாம். நல்ல புராஜெக்ட், செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் உங்கள் ஊர் ரிப்பேர்காரரிடம் நாலு சனிக்கிழமை போய் உட்கார்ந்து, ஒரு வாட்சைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அண்ணன்மார்களே, வைண்டருக்கு வைத்திருக்கிற பணத்தில் ஐயாவின் வாட்சைச் சர்வீஸ் செய்து, வாரத்தில் இரண்டு நாளாவது கையில் கட்டுங்கள். அதைவிட நல்ல வைண்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது.