சிறு கூலியும் நிறை கலமும்

(உழைக்கும் மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேலை முடிந்த களைப்போடும் இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உடன்பிறந்தோரே!

குறைந்த வருவாயில் நலமாக உண்பது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். வயிறு நிறைந்தவன் பசித்தவர்க்கு அறிவுரை கூற வந்துள்ளான் என்று எண்ணிவிடாதீர்கள். உரிய கூலிக்காக நாம் எழுப்பும் குரல் ஓயவேண்டா. ஆனால், கூலி உயரும் நாள்வரை நம் பிள்ளைகளின் வளர்ச்சி காத்திருக்காது. இன்றைய உலையில் வேவது எதுவோ, அதுவே அவர்களுக்கு எலும்பாகவும் தசையாகவும் ஆகின்றது. ஆகவே, கையிலுள்ள சிறு காசு எவ்வெவ் வழியில் ஒழுகிப் போகின்றது என்று பார்ப்போம்.

முதலில் என் வீட்டுக் குற்றத்தையே கூறிவிடுகின்றேன். என் தமக்கையார் ஆடை தைக்கும் ஆலையொன்றில் வேலை செய்துவந்தார். ஒருநாள் பொறியின் முன்னேயே மயங்கி விழுந்தார். மருத்துவர் குருதியை ஆய்ந்து பார்த்து, 12 கிராம் இருக்கவேண்டிய குருதிச் செம்பொருள் 7 கிராமே உள்ளது என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அரைக் கிழமைக் கூலியைக் கொடுத்து, பளபளக்கும் தகரக் குவளையில் அடைத்த மாவொன்றை வாங்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் அதைக் கையில் வாங்கி, அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "தம்பி! இதில் பெரும்பங்கு சீனியும் மாவுந்தானே! உங்கள் வீட்டில் முருங்கை மரம் இல்லையா?" என்று கேட்டார். இருந்தது! அதன் தழையை நாள்தோறும் ஒடித்து அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போட்டுக் கொண்டிருந்தோம்! ஆடு கொழுத்தது, அக்கை மெலிந்தார்!

அந்த அளவுக்குச் சோகை முற்றிய பின்னர் உணவு மட்டும் போதாது. மருத்துவர் தந்த இரும்பு மாத்திரைகளைத் தமக்கையார் பல திங்கள் உண்ணவேண்டி வந்தது. ஆனால், அந்நிலை வாராமற் காத்திருக்கக் கூடியது நம் கொல்லையிலேயே நின்றது.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019-21 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் எடுக்கப்பெற்ற குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவை வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்குக் குருதிச்சோகை உண்டென்று காட்டியது. இந்த அவையில் இருவர்க்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அருகில் இருப்பவரைத் திரும்பிப் பாருங்கள். அவர் இல்லையென்றால், அது நீங்கள்!

காசு ஒழுகும் முதல் ஓட்டை, நாணம். கேழ்வரகுக் களி கிண்டினால், 'அரிசி வாங்க வகையற்ற வீடு' என்று ஊரார் எண்ணுவரே என்று நாணினோம். ஆனால், 100 கிராம் அரிசியில் உள்ள சுண்ணாம்பூட்டம் ஏறத்தாழ 10 மில்லிகிராம். அதே எடைக் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல்! கொள்ளை 'மாட்டுத் தீனி' என்று ஒதுக்கினோம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தசை வளர்க்கும் புரதம். நாம் நாணித் தள்ளிய இந்தச் சிறுகூலங்களுக்காகவே 2023 ஆம் ஆண்டை ஒன்றிய நாடுகள் அவை உலக ஆண்டாக அறிவித்தது. உடனே அவை வண்ணப் பைகளில் ஏறிக்கொண்டன, விலையும் ஏறிக்கொண்டது! அந்தப் பைகளைத் தேடி ஓடாதீர்கள். தினையும் சாமையும் விலை மிகுந்தால் விட்டுவிடுங்கள். சந்தையில் அளந்து விற்கும் கேழ்வரகும் கம்பும் போதும். நீலமலை, தருமபுரி மாவட்டங்களில் 2023 இல் பங்கீட்டுக் கடைகளிலேயே அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். இவை நீரிழிவை ஓட்டும் மாய மருந்துகள் அல்ல, அளவறிந்து உண்ணத்தக்க நல்லுணவுகள், அவ்வளவே.

அதற்காக அரிசியை வெறுக்கவும் வேண்டா. வெண்மையை மட்டும் விரும்பாதீர்கள். 1918 ஆம் ஆண்டில், நம் குன்னூரில், 'பெரிபெரி' என்னும் நோயை ஆராய்வதற்கு இராபர்ட்டு மெக்காரிசன் என்பார் ஒற்றை அறையில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958 இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று நாட்டின் உணவூட்ட ஆய்வு நிறுவனமாக விளங்குகின்றது. கால் மரத்து, நெஞ்சு தளர்ந்து உயிரையும் குடித்த அந்நோய், தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவரிடையே மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்டவரிடையே குறைந்திருந்தது. கரணியம் என்ன? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிரூட்டம் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகின்றது. பங்கீட்டுக் கடையில் 2011 முதல் விலையின்றித் தரப்பெறும் புழுங்கலரிசியை இழிவாகக் கருதி விற்றுவிட்டு, வெளுத்த அரிசியை விலைக்கு வாங்குவோர் இதை எண்ணிப் பார்க்கவேண்டும். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவாதீர்கள். வடித்த கஞ்சியைக் கீழே கொட்டாதீர்கள். கொட்டுவது நீரன்று, உயிரூட்டம்!

இரண்டாம் ஓட்டை, தெருமுனைக் கடையின் கயிற்றில் தொங்குகின்றது. பிள்ளை அழுதால் 5 உருபா கொடுத்து ஒரு சிறு பை வறுவல் வாங்கித் தருகின்றோம். அதில் இருப்பது 12 கிராம் என்றால், கிலோ 400 உருபாவுக்கும் மேலாகின்றது! அந்த விலைக்கு இரண்டு கிலோ நிலக்கடலை வாங்கலாம். நிலக்கடலையிலோ நாலில் ஒரு பங்கு புரதம். வறுவலில் எண்ணெயும் உப்பும். எதை வாங்கினாலும், 'கிலோ என்ன விலை ஆகின்றது?' என்று மனத்துள் ஒருமுறை கணக்கிடுங்கள். 5 உருபாப் பொருளே பெரும்பாலும் விலை மிகுந்த பொருளாக இருக்கும்.

இனி, ஒரு நாள் உணவை ஒழுங்குபடுத்திப் பார்ப்போம். காலையில், முன்னாளே கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழும் மோரும் சிறுவெங்காயமும். நண்பகலில் புழுங்கலரிசிச் சோறு, பருப்பிட்டுக் கடைந்த கீரை, அந்தப் பருவத்தில் மலிந்த காய் ஒன்று. மாலையில் அவித்த கடலையோ சுண்டலோ. இரவில் கம்பஞ்சோறும் கொள்ளுத் துவையலும். கிழமைக்கு இரண்டு மூன்று முட்டை. கடலோரத்தார்க்குச் சாளையும் நெத்திலியும். விலை உயர்ந்த மீன்தான் ஊட்டம் மிக்கது என்பது பொய். கீரையை அரிந்த பின் கழுவாதீர்கள். கழுவிய பின் அரியுங்கள். கீரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதன் இரும்பு உடலில் நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் குடித்தால் அது தடைப்படும். உண்டபின் ஒரு மணி நேரமாவது தேநீரைத் தள்ளி வையுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

மூன்றாம் ஓட்டையை இறுதியாகக் கூறுகின்றேன். இது காசு ஒழுகும் ஓட்டையன்று. உயிர் ஒழுகும் ஓட்டை. மேற்சொன்ன யாவற்றையும் சமைத்துவிட்டு, கணவர்க்கும் பிள்ளைகளுக்கும் மாமியார்க்கும் படைத்துவிட்டு, சட்டியை வழித்து, ஒட்டியிருப்பதை நீருற்றிக் குடித்து எழுகின்றாளே, அவள் யார்? என் தமக்கையார் அப்படித்தான் உண்டார். எங்கள் வீட்டில் பருப்பு இல்லாமல் இல்லை; அது அவர் கலத்தை எட்டவில்லை. அவர் கலத்தை நாங்கள் ஒருவரும் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அந்தக் குற்றத்தை எந்தத் தகரக் குவளை மாவும் கழுவாது.

ஆண்மக்களே! உங்களுக்கும் இது. இன்றிரவு உங்கள் வீட்டில் எல்லாக் கலங்களையும் ஒருசேர வைத்து, இருப்பதை ஒருசேரப் பங்கிடுங்கள். கூழே ஆனாலும் அவரவர் உழைப்புக்கும் உடல்நிலைக்கும் ஏற்பப் பங்கு இருக்கட்டும். கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் ஒரு கரண்டி மிகுதியாக விழட்டும். தாய்மார்களே! 'எனக்குப் பசியில்லை' என்னும் அந்தப் பழைய பொய்யை இனிச் சொல்லாதீர்கள்!

என் தமக்கையார் இன்று நலமாக உள்ளார். எங்கள் வீட்டு ஆடு, அடுத்த வீட்டு ஆடுதான், இப்போது வேறு தழை தேடிப் போகின்றது.