ரயிலடியில் யாருக்கு வீடு?



எனக்கு முன்னால் இருவர் பேசினார்கள். மெட்ரோ நிலையங்களைச் சுற்றி அடுக்குமாடி எழும்பினால்தான் சென்னை பிழைக்கும் என்றார் ஒருவர். எழும்பினால் எங்கள் தெரு செத்துப்போகும் என்றார் இன்னொருவர். இருவருக்கும் கை தட்டினீர்கள். நான் இருவரோடும் சண்டை போட வந்திருக்கிறேன்.

தெரு செத்துப்போகும் என்ற ஐயாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் பயம் பொய்யில்லை. 2015 டிசம்பரில் இந்த ஊர் வெள்ளத்தில் மிதந்தது. 2019 கோடையில் அதே ஊர் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தது. பத்து வீடு இருந்த இடத்தில் நூறு வீடு வந்தால் குழாய் தாங்குமா, சாக்கடை தாங்குமா என்று கேட்பது நியாயம். முதலில் குழாயைப் போடு, பிறகு மாடியை எழுப்பு என்று அரசிடம் கேளுங்கள். நானும் வந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் யாருமே வரக்கூடாது என்று சொல்லாதீர்கள். பிழைக்க வருகிறவன் வந்துகொண்டுதான் இருப்பான். இங்கே மாடியில் இடம் இல்லையென்றால் அவன் ஏரிக்கரையில் போய்க் குடியேறுவான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எப்படிச் சுருங்கியது? 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக ஏன் விரித்தார்கள்? உயர மறுக்கிற ஊர் அகலும். அகலுகிற ஊர் முதலில் விழுங்குவது ஏரியைத்தான்.

ஆகவே மாடி எழும்பட்டும். ஆனால் அது யாருக்கு எழும்புகிறது? இதுதான் மாடி எழும்பினால்தான் சென்னை பிழைக்கும் என்றவரிடம் என் கேள்வி.

ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. எஃப்எஸ்ஐ, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, ஒன்றரை என்றால் அதில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019 விதிகள் அதை இரண்டாக்கின. 4,800 சதுர அடி. உயரமான கட்டடம் என்றால் 3.25. அதற்கு மேலும் வேண்டுமானால் ப்ரீமியம் கட்டி வாங்கிக்கொள்ளலாம். சரி, அந்த மனையின் மதிப்பை ஏற்றியது யார்? ரயில். ரயிலைப் போட்டது யார் பணம்? மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். நம் வரி, நம் பிள்ளைகள் அடைக்கப்போகும் கடன். செலவு ஊருடையது, லாபம் மனைக்காரனுடையது என்றால் இது என்ன கணக்கு?

விளம்பரத்தைப் படியுங்கள். "மெட்ரோவுக்கு மூன்று நிமிட நடை" என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரி, "இரண்டு கார் நிறுத்துமிடம்". இரண்டு கார் வைத்திருப்பவர் எதற்கய்யா மெட்ரோவுக்கு நடக்கப்போகிறார்?

ரயிலில் ஏறக்கூடியவர்கள் எங்கே போனார்கள்? குடிசைகளிலிருந்து அகற்றியவர்களைக் குடியேற்ற 2000-இல் ஊர்க்கோடியில் கண்ணகி நகரை உண்டாக்கினோம். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சென்ட்ரலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கூவக் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. 2019 டிசம்பரில், பள்ளிக்கூட ஆண்டின் நடுவில், அந்த மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினோம். ரயிலடியில் இருந்தவனை ரயில் இல்லாத இடத்துக்கு விரட்டிவிட்டு, ரயிலடியில் அடர்த்தி போதவில்லை என்று கருத்தரங்கு நடத்துகிறோம்!

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். கண்ணகி நகரிலிருந்து புறப்படும் விடியற்காலை வண்டியில் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். மயிலாப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள். 2021-இல் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் ஆனதும் ஒரு அம்மா சொன்னார்: "டிக்கெட் காசு மிச்சம்தான் சார். போக வர மூணு மணி நேரத்த யாரு குடுப்பா?" அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இந்த மேடையில் சொல்கிறேன்: அந்த மூன்று மணி நேரத்தைத் திருப்பித் தரக்கூடியது ரயிலடியில் ஒரு வீடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் கட்டப் பாதை பழைய மகாபலிபுரம் சாலையிலும் பெரும்பாக்கம் வழியாகவும் போகிறது. துரத்தப்பட்டவர்களைத் தேடி ரயில் போகிறது. மகிழ்ச்சி. ஆனால் ரயில் வந்தால் மனை விலை ஏறும். விலை ஏறினால் அழகுபடுத்துகிறோம், ஆக்கிரமிப்பு அகற்றுகிறோம் என்ற பேச்சு வரும். இன்னொரு முறை லாரியில் ஏற்றினால் எங்கே இறக்குவார்கள்? செங்கல்பட்டிலா?

நடக்காததைக் கேட்கிறான் என்பார்கள். 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டினோம். அப்படி எழுந்த நேரு பூங்கா குடியிருப்புக்கு அருகிலேயே 2017-இல் மெட்ரோ நிலையம் திறந்தது. ரயிலடியில் ஏழைக்கு வீடு என்பது அங்கே நிற்கிறது, போய்ப் பாருங்கள். சிங்கப்பூரில் பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடியில் வாழ்கிறார்கள். அங்கே அது ஏழைக்குப் போடும் பிச்சை இல்லை, ஊரின் அடித்தளம்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் தெருவுக்காக அடித்துக்கொள்ளும்வரை, கட்டுமான முதலாளி இருவர் தலைக்கு மேலேயும் மாடி எழுப்புவார்.

அதனால் நம் கோரிக்கை மூன்று. நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் அரசு நிலத்தில் கட்டுவதில் பாதி, வாடகைக்கு விடும் சிறு வீடுகளாக இருக்க வேண்டும். கூடுதல் மாடிக்கு அனுமதி வாங்குகிறவர் அதே கட்டடத்தில் சிறு வீடுகளைத் தர வேண்டும். பணம் கட்டித் தப்பும் வழி கூடாது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் மக்களுக்கு, ரயில் வருவதற்குள் வீட்டுப் பத்திரம் கைக்கு வர வேண்டும்.

சென்னையின் வளர்ச்சிக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிகிறது. அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாம் திட்டத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். அந்தக் கூட்டம் வேலை நாளில்தான் நடக்கும். அரைநாள் கூலி போகும். போகட்டும். வாருங்கள். மனுவில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: ரயிலில் போகிறவனுக்கு ரயிலடியில் வீடு. எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.