கருவி நமக்கு, நாம் கடவுளுக்கு

(ஆலயப் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பங்களின் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் காலம் இறைவனுக்கு நன்றி கூறும் காலம். நம்மை நாமே சோதித்துப் பார்க்கும் காலமும் அதுவே. ஆகவே உங்கள் முன் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு என் உரையைத் தொடங்குகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் இரவு. மறுநாள் காலை, நம் பங்கின் மூதாட்டி ஒருவருக்கு அடக்கத் திருப்பலி. நான் மிகவும் களைத்திருந்தேன். கைப்பேசியில் உள்ள செயற்கை அறிவுச் செயலியிடம், பக்தியுள்ள ஒரு தாயின் அடக்கத்துக்குப் பிரசங்கம் எழுதித் தரும்படி கேட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பிரசங்கம் வந்துவிட்டது. குற்றம் சொல்ல முடியாத பிரசங்கம்! வேதாகமம் இருந்தது, ஆறுதல் இருந்தது, உயிர்ப்பின் நம்பிக்கையும் இருந்தது.

காலையில் அந்தத் தாளோடு பீடத்தின் அருகில் நின்றேன். முதல் வரிசையிலிருந்து அவருடைய மகள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நெடுங்காலம் இந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்கியவை அந்தத் தாயின் கைகள். நோயுற்றுக் கிடந்தபோது நான் நற்கருணை கொண்டுபோனால், "சாமி, காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று படுக்கையிலிருந்தே கட்டளை பிறக்கும். நான் வைத்திருந்த தாளில் அந்தக் கைகளும் இல்லை, அந்தக் காப்பியும் இல்லை. தாளை மடித்து வைத்துவிட்டுத் தட்டுத்தடுமாறி நானே பேசினேன். மகள் அழுதாள், நானும் அழுதேன்.

அப்படியானால் இந்த இயந்திரம் சாத்தானின் வேலையா? இல்லை, அன்பர்களே! தொழில்திறமை கடவுளின் கொடை. ஆசாரக் கூடாரத்தை அமைக்க வந்த பெசலேல் என்ற கைவினைஞனை ஆண்டவர் தம் ஆவியால் நிரப்பினார் என்று யாத்திராகமம் கூறுகிறது. அச்சு இயந்திரம் வந்தபோது திருச்சபை அதற்கு அஞ்சி ஒதுங்கவில்லை. அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578-ல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழியின் எழுத்துக்களில் அச்சான முதல் நூல் அது, அதுவும் நம் தமிழில்! 1931-ல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர், மார்க்கோனியைக் கொண்டே வத்திக்கான் வானொலியை நிறுவினார். கருவியைக் கண்டு ஓடுவது நம் மரபல்ல, அதைக் கும்பிடுவதும் நம் மரபல்ல.

இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. கோடானு கோடிச் சொற்களை அதற்கு ஊட்டியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிட்டு அது வாக்கியத்தைக் கோக்கிறது. அதனால்தான் அழகாகப் பேசுகிறது. அதே காரணத்தால் சில வேளைகளில் இல்லாத நூலையும் நடக்காத நிகழ்ச்சியையும் கூசாமல் சொல்லிவிடுகிறது. பொய் சொல்லுகிறோமே என்று உறுத்த அதற்கு மனச்சாட்சி கிடையாது.

2025 ஜனவரி 28-ல், அதாவது புனித தோமா அக்குவினாரின் திருநாளன்று, "பழையதும் புதியதும்" என்று பொருள்படும் தலைப்பில் வத்திக்கான் ஓர் ஏட்டை வெளியிட்டது. செயற்கை அறிவு மனித அறிவின் இன்னொரு வகை அல்ல, அது மனித அறிவு உண்டாக்கிய ஒரு பொருள் என்று அந்த ஏடு தெளிவுபடுத்துகிறது. மனிதன் உடலோடும் உள்ளத்தோடும் உறவுகளோடும் அறிகிறான். இறைவனைத் தேடி அறிகிறான். இயந்திரத்திற்கு இது இயலாது. விக்கிரகங்களுக்கு வாயிருந்தும் பேசாது என்று சங்கீத ஆசிரியர் நகைத்தார். இன்றைய இயந்திரமோ பேசுகிறது! ஆகவே நமக்குச் சோதனையும் பெரிது.

நம் குடும்பங்களுக்கு நான்கு காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, சோதித்து அறியுங்கள். 2023 மார்ச்சில் பாப்பரசர் பிரான்சிஸ் வெள்ளை நிறப் பெரிய குளிர்ச்சட்டை அணிந்த படம் உலகெங்கும் பரவியது. பலர் நம்பினர், ஆனால் அது இயந்திரம் வரைந்த படம். இன்று ஒருவருடைய குரலையும் அவ்வாறே போலி செய்ய முடிகிறது. பேரனின் குரலிலேயே, "தாத்தா, அவசரம், பணம் அனுப்புங்க" என்று அழைப்பு வந்தால், உடனே வைத்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த அவன் எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யுங்கள்.

இரண்டாவது, ஆன்ம காரியங்களை அதனிடம் ஒப்படைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் கத்தோலிக்க நிறுவனம் ஒன்று, குருவின் உடையில் தோன்றிப் பதிலளிக்கும் ஒரு செயற்கை உருவை வெளியிட்டது. அது பாவமன்னிப்பே வழங்கத் துணிந்துவிட்டது! எதிர்ப்பு எழவே, சில நாட்களில் நிறுவனத்தார் அதன் குருத்துவ உடையைக் களைந்து பொதுநிலையினராக மாற்றினர். சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் நள்ளிரவில் மனம் உடைந்த ஒருவர் மனிதரை விட்டு இயந்திரத்திடம் அழுகிறார் என்றால், அது சிரிக்கும் காரியமன்று. அவருக்கு நம் கதவு திறந்திருந்ததா என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் கதவைத் தட்டுங்கள், இரவானாலும் தட்டுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளைக் கவனியுங்கள். விளங்காத கணக்கை விளக்கச் சொல்லிக் கேட்பது படிப்பு. கட்டுரையை எழுதச் சொல்லித் தன் பெயரைப் போட்டுக்கொள்வது திருட்டு. அதில் முதலில் நட்டப்படுவது பிள்ளையின் அறிவே. பிரசங்கத்தில் நான் செய்யப்போனதும் அதுவே என்பதால், இதைச் சற்றுத் தாழ்மையோடு சொல்லுகிறேன்.

நான்காவது, உழைப்பவரை மறவாதீர்கள். நம் முன்னோர் பதின்மூன்றாம் சிங்கராயர் என்று அழைத்த பாப்பரசர், ஆலைகள் பெருகிய காலத்தில், 1891-ல், தொழிலாளரின் உரிமைக்காக ரேரும் நோவாரும் என்ற சுற்றுமடலை எழுதினார். 2025 மே 8-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட பாப்பரசர் அதே பெயரைச் சூடி, பதினான்காம் லியோ ஆனார். செயற்கை அறிவு இன்னொரு தொழிற்புரட்சி, அதில் மனித மாண்பும் நீதியும் உழைப்பும் காக்கப்பட வேண்டும் என்று அப்பெயருக்குக் காரணமும் கூறினார். கணக்கெழுதியும் மொழிபெயர்த்தும் பிழைக்கும் நம் பிள்ளைகள் பலர் இன்று அஞ்சுகின்றனர். நம்மிடையே தொழில் நடத்துவோர் ஓர் ஆளைக் குறைக்குமுன், அவருக்குப் புது வேலை கற்றுத்தர இயலுமா என்று பாருங்கள். அவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

அன்பர்களே! அரசனான சாலமோன் ஆண்டவரிடம் செல்வத்தையோ நீண்ட ஆயுளையோ கேட்கவில்லை. நன்மை தீமையைப் பகுத்தறியும் உள்ளத்தையே கேட்டான். எந்த இயந்திரத்திடம் கேட்டாலும் அந்த உள்ளம் கிடைக்காது. முழந்தாளிட்டே அதைப் பெற வேண்டும். இந்த ஆலயத்தைக் கட்டியவர்கள் கல் சுமந்தார்கள், மண் சுமந்தார்கள், ஒருவர் துயரை மற்றவர் சுமந்தார்கள். இன்று கல்லையும் மண்ணையும் இயந்திரம் சுமக்கட்டும், நன்றி சொல்வோம். ஒருவர் துயரை ஒருவர் சுமக்கும் வேலையை மட்டும் நம் கையிலேயே வைத்துக்கொள்வோம்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!