ஓரிடத்தில் நில்லாத பிள்ளை

(மாமல்லபுரத்தை அடுத்த கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஆற்றிய உரை)



காலையில் உங்கள் ஊருக்குள் வரும்பொழுது ஒரு காட்சி கண்டேன். எட்டு வயதிருக்கும் ஒரு சிறுவன், இருபுறமும் பாராது, கிழக்குக் கடற்கரைச் சாலையின் குறுக்கே பாய்ந்தான். பஸ் மயிரிழையில் நின்றது. தாயார் ஓடிவந்து இரண்டு அடி கொடுத்து, "நூறு தடவை சொல்லியும் கேட்கிறானில்லை, ஐயா!" என்று அழுதார்.

சாலை விதி அவனுக்குத் தெரியும், கேட்டால் ஒப்புவிப்பான். ஆனால் எதிரே தோழனைக் கண்டதும் கால் முந்திக்கொள்கிறது. நினைவு பிந்தி வருகிறது. இத்தகைய பிள்ளைகளுள் சிலருக்கு இருப்பதைக் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்பர் வைத்தியர். பெயர்தான் நீளம், விஷயம் புதிதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை வைத்தியர் இத்தகைய சிறுவர்களைக் குறித்து லண்டனில் உரையாற்றியிருக்கிறார். இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. "இவன் அப்பனும் இப்படித்தான்" என்று பாட்டிமார் சொல்வதில் உண்மை உண்டு. தாயின் வளர்ப்பைப் பழிப்பது அநியாயம்.

துறுதுறுப்பெல்லாம் இக்கோளாறு ஆகாது. 12 வயதுக்கு முன்பே தோன்றி, வீட்டிலும் பள்ளியிலும் ஒருங்கே, ஆறு மாதத்திற்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வாழ்வைக் கெடுத்தால்தான் ஐயுற வேண்டும். ஓசையின்றிச் சன்னலைப் பார்த்தபடி இருக்கும் பெண்பிள்ளைக்கும் இது இருக்கலாம். அவளை எவரும் கவனிப்பதில்லை.

"வலை பின்னச் சொன்னால் இரண்டு மணி நேரம் உட்காருகிறானே, கணக்குக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று கேட்பீர்கள். விருப்பமான வேலை மனத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். விருப்பமில்லாத வேலைக்கு மனத்தை நாம் திருப்ப வேண்டும். அவனுக்குத் தளர்ந்திருப்பது அந்தத் திருப்பும் திறன்தான்.

ஆதலின், "குளி, சாப்பிடு, பையை எடு" என்று அடுக்காதீர்கள். தோளைத் தொட்டு, முகம் திரும்பிய பின் ஒன்றே சொல்லுங்கள், முடித்தவுடன் பாராட்டுங்கள். உபாத்தியாயர் அவனை முன்வரிசையில் அமர்த்தி, இடையிடையே எழுந்து நடமாட ஒரு வேலை கொடுக்கலாம். மருந்தும் உண்டு, ஆயினும் நிபுணர் எழுதித் தந்தாலன்றித் தரலாகாது.

2013-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில் இக்கோளாறும் இடம்பெற்றுள்ளது. அத்திட்டப்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கும், ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

பள்ளி விடும் வேளையில் சாலையில் ஓர் ஆளை நிறுத்துமாறு பஞ்சாயத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். அச்சிறுவனுக்கு இக்கோளாறு உண்டா என்பதை ஒரு பார்வையில் நான் சொல்லிவிட முடியாது. மருத்துவக் குழு வரும்போது அவனைக் காட்டும்படியும், அதுவரை கையைப் பிடித்தே சாலையைக் கடக்கும்படியும் அந்த அம்மாளிடம் சொல்லி வந்திருக்கிறேன்.