தாளிப்புக்குக் கத்தின அலாரமும் நான் மாட்டின பையும்

போன வாரம் வாடகை ஒப்பந்தம் பத்திப் பேசினோம். இன்னைக்கும் வீடுதான், ஆனா சீலிங்கைப் பத்தி. முதல்ல நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

2019-ல் இங்கிலாந்துல, லெஸ்டர்ல, நாலு பசங்க சேர்ந்து ஒரு பழைய மாடி வீட்டுல வாடகைக்கு இருந்தோம். கீழே ஹாலும் கிச்சனும், மேலே படுக்கையறைகள். மாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஸ்மோக் அலாரம். கீழே இருந்தது கிச்சன் வாசலை ஒட்டியே இருந்துச்சு. ரசத்துக்கு மிளகாய் தாளிச்சா போதும், காது கிழியற மாதிரி கத்தும். கொஞ்ச நாள் துண்டை வீசி வீசி அடக்கினோம். ஒரு நாள் கடுப்பாகி, நான்தான் நாற்காலி போட்டு ஏறி அதுக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டேன். "சூப்பர் மச்சான்"னு எல்லாரும் கை தட்டினாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு, ராத்திரி ரெண்டு மணி. ஹால்ல எக்ஸ்டென்ஷன் போர்டுல ரூம் ஹீட்டரை மாட்டி, அணைக்க மறந்துட்டோம். போர்டு உருகி, திரைச்சீலை பத்திக்கிச்சு. கீழே இருந்த அலாரம் பைக்குள்ள சும்மா இருந்தது. புகை படியேறி வந்த பிறகுதான் மேல் மாடி அலாரம் அடிச்சுது. கதவைத் திறந்தா படி முழுக்க கறுப்புப் புகை. இறங்க வழியே இல்லை. நாலு பேரும் ஒரே அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தி, இடுக்குல துணியை அடைச்சு, ஜன்னலைத் திறந்து 999-க்கு போன் பண்ணோம். ஏணி வெச்சுதான் இறக்கினாங்க. ஒருத்தன் புகை குடிச்சு ரெண்டு நாள் ஆஸ்பத்திரில இருந்தான். காலையில ஒரு தீயணைப்பு வீரர் கறுத்துப் போன அந்தப் பையைக் காட்டி, "இதை யார் மாட்டினது?"ன்னு கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

இப்போ நான் இருக்கிறது ஸ்காட்லாந்துல, கிளாஸ்கோவுல. 2017 ஜூன் 14 அன்னைக்கு லண்டன் கிரென்ஃபெல் டவர் தீயில 72 பேர் இறந்தாங்க இல்லையா, அதுக்கு அப்புறம் ஸ்காட்லாந்து அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் சொந்த வீடு, வாடகை வீடு எல்லாத்துக்கும் அது பொருந்தும். அதிகம் புழங்கற ஹால்ல ஒரு ஸ்மோக் அலாரம். ஒவ்வொரு மாடியிலயும் நடைவழியில, படி முடியற இடத்துல ஒண்ணு. கிச்சன்ல மட்டும் ஹீட் அலாரம். எல்லாமே ஒண்ணோட ஒண்ணு இணைஞ்சிருக்கணும்.

கிச்சனுக்கு ஏன் வேற அலாரம்? ஸ்மோக் அலாரத்துக்குள்ள ஒரு சின்ன விளக்கும் சென்சாரும் இருக்கும். புகை உள்ளே போனா வெளிச்சம் சிதறி சென்சார் மேல படும், உடனே அலாரம் அடிக்கும். எண்ணெய்ப் புகை, மிளகாய் நெடி, குளியலறை ஆவி எதுவா இருந்தாலும் அதுக்கு ஒண்ணுதான். ஹீட் அலாரம் சூட்டை மட்டும்தான் பார்க்கும். சீலிங் பக்கத்துக் காற்று கிட்டத்தட்ட 60 டிகிரி செல்சியஸைத் தொட்டாதான் அடிக்கும். நீங்க தாராளமா தாளிக்கலாம். அதுக்காகப் படுக்கையறையிலயும் ஹாலிலயும் ஹீட் அலாரம் மாட்டிடாதீங்க. அங்க சூடு ஏறும் முன்னாடியே புகை ஆளை மயக்கிடும்.

எங்கே மாட்டணும்? சீலிங் நடுவுல. சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் குறைஞ்சது 30 சென்டிமீட்டர் தள்ளி. சுவரும் சீலிங்கும் சேர்ற மூலைக்குப் புகை சரியா வந்து சேராது. குளியலறை வாசலையும் தவிர்த்துடுங்க.

இணைக்க ரெண்டு வழி. ஒண்ணு, வீட்டு கரண்ட்ல ஓடற வகை. இதை எலக்ட்ரீஷியன்தான் மாட்டணும். கரண்ட் போனாலும் வேலை செய்ய உள்ளேயே பேட்டரி இருக்கும். ரெண்டாவது, கழற்ற முடியாத 10 வருஷ பேட்டரி வகை. ரேடியோ அலைல ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும், வைஃபை தேவையில்லை. வாங்கும்போது எல்லாம் ஒரே கம்பெனியோடதா, ஒண்ணோட ஒண்ணு சேர்ற மாடலான்னு பாருங்க. பெட்டியில இருக்கற குறிப்புப்படி முதல்ல மேஜை மேல வெச்சே ஜோடி சேர்த்துட்டு, அப்புறம் சீலிங்குக்கு ஏத்துங்க. வாடகை வீடுன்னா, இங்க அது ஹவுஸ் ஓனர் பொறுப்பு. கூச்சப்படாம கேளுங்க.

அந்த ராத்திரி எங்க ஹால்ல ஒரு அலாரம் இருந்து, அது மேல் மாடி அலாரத்தோட இணைஞ்சிருந்தா, திரைச்சீலை பத்தின உடனே எங்க தலைக்கு மேல அடிச்சிருக்கும். படி வழியாவே நடந்து வெளியே போயிருப்போம்.

உங்க ஊர்ல சட்டம் வேற மாதிரி இருக்கலாம், சட்டமே இல்லாமலும் இருக்கலாம். வீட்டுல அலாரம் இருந்தா இன்னைக்கு ஒண்ணு பண்ணுங்க. படுக்கையறைக் கதவைச் சாத்திட்டுப் படுங்க. வீட்டுல இருக்கற வேற ஒருத்தரை, உங்களுக்கு ரொம்ப தூரத்துல இருக்கற அலாரத்தோட டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்க. தூக்கத்துல இருந்தாலும் இது எழுப்புமான்னு கேட்டுப் பாருங்க. எழுப்பாதுன்னா, எந்த இடத்துல இன்னொண்ணு வேணும்னு தெரிஞ்சிடும். அப்படியே, எதுக்காவது பை மாட்டியிருந்தா கழட்டிடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம். பத்திரமா இருங்க மக்களே!