கயிறு யார் கையில் இருந்தது?

("மாரத்தான் பாய்" என்ற படத்தைத் திரையிட்டுக் காட்டிய பின் சாத்தான்குளத்தில் ஆற்றிய உரை)



சற்று முன் இந்தத் திரையில் நாலு வயதுப் பையன் ஒருவன் தார்ச்சாலையில் ஓடி வந்தான். நீங்கள் கைதட்டினீர்கள். உங்களை நான் குறைகூறவில்லை. இந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது நானும் தட்டியவன்தான். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

படம் 2010-ல் வந்தது. எடுத்தவர் ஜெம்மா ஆட்வால் என்ற பெண் டைரக்டர். இதில் நடிகர் இல்லை, வேஷம் இல்லை. நடந்ததை நடந்தபடி பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பிடித்த படம். வெளிநாட்டுப் படவிழாக்களிலும் டெலிவிஷனிலும் காட்டினார்கள். நம் ஜில்லாப் பக்கம் இதைப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2016-ல் இதே கதையை ஹிந்தியில் நடிகர்களை வைத்து எடுத்தார்கள். மனோஜ் பாஜ்பாய் கோச்சாக நடித்தார். நல்ல நடிப்புத்தான், ஆனால் அந்த நடிப்பே நம்மைக் கோச்சின் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆகவேதான் பழைய படத்தைக் கொண்டுவந்தோம்.

புதியா சிங் ஒடிஸா மாநிலம் புவனேசுவரத்தில் குடிசைப் பகுதியில் வளர்ந்த பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைத்தவள். வயிற்றுப்பாட்டுக்கு வழியின்றி 800 ரூபாய்க்குப் பிள்ளையை ஒரு தெரு வியாபாரியிடம் விற்றாள் என்று பத்திரிகைகள் எழுதின. உடனே அந்தத் தாயை ஏசக் கிளம்பியவர்கள் உண்டு. பிள்ளையை விற்கும் நிலைக்கு ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்று அவர்கள் கேட்கவில்லை!

பையனை மீட்டவர் பிராஞ்சி தாஸ் என்ற ஜூடோ கோச். குடிசைப் பிள்ளைகள் பலருக்குத் தம் வீட்டில் சோறு போட்டு வளர்த்தவர். கெட்ட வார்த்தை பேசினான் என்று ஒரு நாள் புதியாவை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னாராம். பல மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், பையன் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறான்! அன்று தொடங்கியது பயிற்சி.

2006 மே 2-ந் தேதி, ஜகந்நாதர் கோயில் இருக்கும் பூரியிலிருந்து புவனேசுவரத்தை நோக்கி ஓட விட்டார்கள். திட்டம் 70 கிலோமீட்டர். 7 மணி 2 நிமிஷத்தில் 65 கிலோமீட்டர் ஓடிய பின், பையன் துவண்டு போனதைக் கண்டு டாக்டர்கள் நிறுத்தினார்கள். பெரியவர்கள் ஓடும் மாரத்தான் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும். அதைப் போல் ஒன்றரை மடங்கு, நாலு வயதுப் பிள்ளைக்கு! அதுவும் மே மாத வெயிலில்!

நம் தேரிக்காட்டு மணலில் சித்திரை மாதம் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு வெயில் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர் உடம்பைப் போலச் சிறு பிள்ளையின் உடம்பு வேர்த்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளாது; வெளிச்சூட்டை விரைவில் வாங்கிக்கொள்ளும். எலும்பின் முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும், முற்றியிராது. பெரிய மாரத்தான் பந்தயங்கள் பலவற்றில் 18 வயது நிறையாதவரைச் சேர்ப்பதில்லை என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

சர்க்கார் என்ன செய்தது? அந்த ஓட்டத்துக்கு ஆதரவு கொடுத்தது மத்திய ரிசர்வ் போலீஸ் படை. பிறகு பையனைப் பரிசோதித்து, நெடுந்தூரம் ஓடக்கூடாது என்று தடை போட்டது மாநில சர்க்கார். சர்க்காரின் ஒரு கை ஓட விடுகிறது. மறு கை தடுக்கிறது. தடை சரியானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை குடிசையில் பசியோடு கிடந்தபோது இந்த இரண்டு கைகளும் எங்கே இருந்தன? பிள்ளையின் வயிறு கண்ணில் படவில்லை, கால் மட்டும் கண்ணில் பட்டது!

நம் கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1961-ல் தூத்துக்குடியில் நடந்ததுதான் கடைசி. கல்லைக் கட்டி மூச்சடக்கிக் கடலில் இறங்குகிறவன் ஒருவன். தோணியில் கயிறு பிடித்து நிற்பவன் இன்னொருவன். கீழிருந்து கயிறு அசைந்தால் உடனே மேலே இழுக்க வேண்டும். மச்சானைத் தவிர வேறு யாரையும் நம்பிக் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கைதவறினால் தாலி இழப்பது கூடப் பிறந்தவள் அல்லவா! வெள்ளைக்காரன் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. மூச்சு முழுவதும் அவனுடையது. சிப்பியில் மட்டும்தான் பங்கு.

பிராஞ்சி தாஸ் கயிறு பிடித்தவர். அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை சுலபமாகிவிடும். படம் அப்படிச் சொல்ல விடவில்லை. பிள்ளைக்கு அவர் ஊட்டுகிறார், அணைக்கிறார். அதே மனிதர்தான் கயிறு அசைந்தபோது இழுக்கவில்லை. தோணியைச் சுற்றி காமிராக்காரர்களும் விளம்பரக்காரர்களும் அரசியல்வாதிகளும் நின்றுகொண்டு, "இன்னும் ஆழம், இன்னும் ஆழம்" என்று கூவினால் கயிறு பிடிப்பவனுக்குப் புத்தி தடுமாறும். கூவிய கூட்டத்தில் சற்று முன் கைதட்டிய நாமும் உண்டு.

முடிவு உங்களுக்குத் தெரியும். 2007-ல் பையனைச் சர்க்கார் விளையாட்டு விடுதியில் சேர்த்தார்கள். 2008 ஏப்ரல் 13-ல் தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்குக் காரணம் வேறு. பையனுடைய ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விடுதியில் தன்னைக் குறுந்தூரம் ஓடத்தான் பழக்கினார்கள் என்று புதியா வளர்ந்த பிறகு குறைபட்டுக்கொண்டான். காமிராக்கள் எப்போதோ போய்விட்டிருந்தன.

இது ஒடிஸாவில் மட்டும் நடப்பதா? அதே 2006-ம் ஆண்டு டிசம்பரில், நம் புதுக்கோட்டைச் சீமையில் செங்கல் சூளைக் கூலிகளின் மகள் சாந்தி, தோஹாவில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். பால் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சில ஆண்டுகளில் அவர் திரும்பவும் சூளையில் கூலி வேலை பார்த்தார்.

ஏழை ஓடக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 1952-ல் ஹெல்ஸிங்கியில் மூன்று தங்கப் பதக்கம் வென்ற ஸடோபெக், செக்கோஸ்லோவாகியாவின் பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்த மாரத்தான்தான் அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மாரத்தான்! வயது 29. 1960-ல் ரோமாபுரியில் வெறுங்காலோடு ஓடி வென்ற எத்தியோப்பியர் அபேபே பிகிலாவுக்கு வயது 28. நம் நாட்டு சிவநாத் சிங் பீகாரில் பக்ஸர் பக்கத்துக் கிராமத்தான், ராணுவச் சிப்பாய். அவரும் வெறுங்கால்தான். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி முடித்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த இந்தியனாலும் அதை முறியடிக்க முடியவில்லை. அப்போது அவர் முப்பதைத் தாண்டியவர். மூவரும் உழைத்துப் பிழைத்த மனிதர்கள். வளர்ந்த உடம்போடு, தாமே விரும்பி ஓடினார்கள்.

இதையெல்லாம் நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வாலிபர்கள் கோடை விடுமுறையில் ஓட்டப் பந்தயம் நடத்த வேண்டும் என்கிறார்கள். மெத்தச் சரி. ஆனால் பள்ளிப் பிள்ளைகளை உடன்குடி வரை ஓடவிட்டால் ஊரே பேசும் என்று ஒரு தோழர் நோட்டீஸுக்கு வாசகமே எழுதிவிட்டார். அந்த நோட்டீஸ் அச்சுக்குப் போகக்கூடாது, தோழர்களே! சிறு பிள்ளைகளுக்குப் பள்ளி மைதானத்தில் நூறு மீட்டர், இருநூறு மீட்டர் வைப்போம். உடன்குடிச் சாலையில் 18 வயது நிறைந்தவர்கள் ஓடட்டும். விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். வழியில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் வேண்டும். டாக்டர் ஒருவரைக் கேட்டிருக்கிறோம். பந்தலில் நிற்கத்தான் ஆள் போதவில்லை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெளியே மேஜையில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.