மாயாறு என்னும் சிற்றாறு



நான் மணவூர்ப் பகுதியைச் சேர்ந்தவன். திருத்தணி வட்டாரத்து மாணவர்களுக்கு ஆறு என்றால் முதலில் நினைவுக்கு வருவது கொசத்தலையாறு. மழைக்காலத்தில் அது பெருகிப் பூண்டி நீர்த்தேக்கத்தைச் சேரும். கோடையில் மணலே அதன் உருவம். ஆகவே ஆற்றின் பெருமையை வெள்ளத்தின் அளவைக்கொண்டு கணிப்பது நமக்கு இயல்பாகிவிட்டது. அளவில் சிறியதாயினும், கோடையிலும் ஓடுகின்ற காரணத்தால் ஒரு பெருங்காட்டின் உயிர்களைக் காத்துவரும் ஆறு ஒன்றைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அதன் பெயர் மாயாறு. மோயாறு என்றும் சொல்வர். நீலகிரியின் முக்கூர்த்தி மலைப்பகுதியில் பைக்காரா என்ற பெயருடன் தோன்றி, மலையிலிருந்து இறங்கி, முதுமலைக் காட்டினுள் புகுந்து, மாயாறு என்ற பெயருடன் கிழக்கு நோக்கிச் செல்கிறது. தெப்பக்காட்டுப் பாலத்தின்மேல் நின்று நான் அதனைப் பார்த்தபோது, ஒரு சிறுவன் கல்லெறிந்தால் மறுகரையில் சென்று விழும் போலிருந்தது. அவ்வளவே அதன் அகலம். பின்னர் அது அருவியாய் வீழ்ந்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழ்ந்த பள்ளத்தினுள் மறைந்து ஓடி, இறுதியில் பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது.

இந்த ஆற்றின் தென்கரையில் முதுமலை. வடகரையில் கருநாடக மாநிலத்துப் பந்திப்பூர். முதுமலை 1940ஆம் ஆண்டில் சரணாலயமாயிற்று. 1990இல் அதன் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2007இல் புலிகள் காப்பகமாயிற்று. கீழ்த்திசையில் உள்ள சத்தியமங்கலம் 2013இல் அந்நிலையை எய்தியது. சட்டங்கள் இவற்றைத் தனித்தனியே பிரித்தாலும், ஆறு இவற்றை ஒன்றாக இணைத்து நிற்கிறது.

இக்காட்டிற்கு ஆறு ஏன் இவ்வளவு இன்றியமையாததாயிற்று? தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மேகங்கள் நீலகிரியின் மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதி மழையைப் பொழிந்துவிடுகின்றன. மலைக்கு மறுபுறமுள்ள மாயாற்றுப் பள்ளத்தாக்கு மழை மறைவுப் பகுதி. அங்கே முட்புதர்க் காடே மிகுதி. மாசித் திங்கள் பிறந்ததும் குட்டைகள் வற்றும். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்குக் குறையாத நீர் வேண்டும். அக்காலத்தில் யானையும் காட்டெருதும் புள்ளிமானும் நாடிச் செல்வது இந்த ஆற்றையே. மழை மிகுந்த மேல்மலையின் நீரை, மழை குறைந்த கீழ்நிலத்திற்குச் சுமந்து வருவதே மாயாறு செய்யும் தொண்டு.

நீரினுள்ளும் உயிர்கள் பல உண்டு. முதலையும் நீர்நாயும் இங்கே வாழ்கின்றன. காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே காணப்படும் கூன்முதுகு மஹ்சீர் என்னும் பெருமீன் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதற்கு எஞ்சியுள்ள மிகச் சில புகலிடங்களுள் மாயாறும் ஒன்று.

கரையிலே நீர்மருது மரங்கள் ஓங்கி நிற்கின்றன. முட்புதர் நிலத்தில் இத்தகைய நெடுமரங்கள் வளர்வது ஆற்றின் ஈரத்தினால்தான். அம்மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. பிணந்தின்னிக் கழுகு என்று மக்கள் இகழ்ந்து கூறும் பறவை இதுவே. இறந்த விலங்கின் உடலை விரைவில் தின்று தீர்த்து, நோய் பரவாமல் காக்கும் நற்பணியை இது செய்கிறது. தென்னிந்தியாவில் இப்பறவை இன்றும் கூட்டமாகக் கூடு கட்டும் இடங்களுள் மாயாற்றுப் பள்ளத்தாக்கே தலையாயது.

நேயர்களே, இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி இருக்கிறது. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துபோயின. வேடர் எவரும் அவற்றைக் கொல்லவில்லை. மாடுகளின் வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்தே காரணம் என்று 2004இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மருந்தூட்டப்பட்ட மாடு சில நாட்களில் இறந்துபோனால், அதன் உடலில் தங்கிய மருந்து பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலறச் செய்துவிடுகிறது. கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்துவதை இந்திய அரசு 2006இல் தடை செய்தது. அதே தீங்கு விளைக்கும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றையும் 2023இல் தடை செய்தது. காட்டின் எல்லையில் காவலர் நின்றனர்; ஆனால் நஞ்சு ஊர்த் தொழுவத்திலிருந்து வந்தது. உணவு தேடி நெடுந்தொலைவு பறக்கும் பறவைக்கு நாம் வரைந்த எல்லைக்கோடு தெரியுமா?

ஆற்றின் நீரும் அவ்வாறே எல்லைக்கு வெளியிலிருந்து வருவது. பைக்காராவின் நீர்வீழ்ச்சி ஆற்றலைக்கொண்டு 1932 முதல் மின்சாரம் எடுக்கப்படுகிறது. அங்கிருந்து வெளிவரும் நீரை மரவகண்டி அணையில் தேக்கி, மாயாற்று மின்நிலையம் மீண்டும் பயன்கொள்கிறது. 2005இல் 150 மெகாவாட் ஆற்றலுள்ள மற்றொரு நிலையமும் இயங்கத் தொடங்கிற்று. இவ்வணைகளும் நிலையங்களும் நீரை எப்போது நிறுத்துகின்றன, எப்போது விடுகின்றன என்பதைப் பொறுத்தே கீழே ஆற்றின் மட்டம் பெரிதும் ஏறி இறங்குகிறது. பள்ளத்தாக்கிலுள்ள தெங்குமரகடா மக்கள் பரிசலில் ஆற்றைக் கடப்பதும், மணற்கரையில் முதலை முட்டையிடுவதும் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் கட்டுப்பட்டவையே. நமக்கு மின்சாரம் வேண்டும். இந்த வானொலிப் பேச்சும் அதனால்தான் உங்கள் செவிக்கு எட்டுகிறது. ஆனால் விளக்குக்கு வேண்டிய நீரைக் கணக்கிடும்போது, காட்டுக்கு வேண்டிய நீரையும் அதே கணக்கில் எழுதவேண்டும் என்று கேட்பது தவறாகாது.

ஆகவே, காட்டைச் சுற்றி எல்லை வகுத்துவிட்டால் மட்டும் உள்ளிருக்கும் உயிர்கள் பிழைத்துவிடா. அவற்றின் நீர் மேல்மலையிலிருந்தும், உணவில் ஒரு பங்கு ஊரிலிருந்தும் வருகின்றன. முதுமலையைக் கண்டிராத மாணவருக்கும் இதில் பங்குண்டு. உங்கள் வீட்டு மாட்டுக்கு நோய் வந்தால், தடை செய்யப்பட்ட மருந்தைத் தவிர்த்து, மெலாக்சிகாம் போன்ற தீங்கற்ற மருந்தைத் தரும்படி கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். உங்கள் ஊர் ஆற்றின் நீர் எங்கிருந்து வருகிறது, வழியில் எங்கே நிற்கிறது, கோடையில் அதனை நம்பியிருக்கும் உயிர்கள் எவை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கொசத்தலையாற்றின் கரையில் வாழும் நானும் அவ்வாறொரு குறிப்பேட்டைத் தொடங்கியிருக்கிறேன். அதன் முதற்பக்கத்தில் நான் எழுதியது மாயாற்றின் பெயரைத்தான்.